இருபத்து மூன்றாம் பெயர்

மாசி 4, ஞாயிறு. கோயமுத்தூர்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு ஓட்டுக்கூரையைக் காணோம். எதிர்வீட்டுக்காரரையும் காணோம். ஆக, நல்ல பனிதான்.

நாளை பல்லடம். மூட்டை: குடை. மூக்குப்பொடி டப்பி, நிறைத்தது. டிரஸ்ட் பாரம் ஒரு கட்டு. பென்சில் மூன்று. வீ.கா. சுட்ட கச்சாயம் ஒரு தூக்குப்போசி. வீ.கா. என்றால் வீட்டுக்காரி. பேரை முழுசாக எழுதினால், இந்த நோட்டு என்றைக்காவது கையில் சிக்கும்போது தன்னைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

வேலை: ஆராய்ச்சி. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தில் நிற்பதில்லை என்று ஆராய வேண்டும். நாற்பத்தெட்டு வயசு, மூன்றாம் பாரத்தோடு ஓடி வந்தவன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதில் எனக்குள்ள அனுபவம் இந்த ஜில்லாவில் யாருக்கும் இல்லை. அந்த வகையில் தகுதிதான்.

எப்படிக் கிடைத்தது: காலமான மில் முதலாளி ஒருவர் தர்ம டிரஸ்ட் எழுதிவைத்தார். காட்டுப்புறத்துப் பிள்ளைகள், பஞ்சம் பிழைக்க வந்த பிள்ளைகள், இவர்கள் படிப்பு எப்படித் தேறும் என்று ஆராயவும், அதுவரை பள்ளி நடத்தவும். செக்ரெட்டரி அவர் மருமகன். பட்டணத்தில் படித்தவர். அவருடைய தொப்பியைப் பற்றி வாரப் பத்திரிகையில் இரண்டு பத்தி எழுதினேன். மூன்றாவது பத்தி வராமலிருக்க எனக்கு இந்த உத்தியோகம்.

இன்று சாயங்காலம் அவர் வீட்டில்:

"பல்லடம் பள்ளி வருகைப் பதிவைப் பார்த்தீரா? முழுக்கச் சுழி. பிள்ளைகளே வருவதில்லை. போய்க் காரணம் எழுதும். வெள்ளிக்கிழமை நானே வந்து மூடிவிடுகிறேன். பள்ளி நடக்கிற கிட்டங்கியை ஜின்னிங்காரர் திருப்பிக் கேட்கிறார்."

"முழுக்கச் சுழிங்களா?"

"ஒரே ஒரு பேர் தவிர."

டிரஸ்ட் பத்திரத்தில் காலமான பெரியவர் ஒரு வரி போட்டிருக்கிறார்: ஒரு பிள்ளை படிக்க இருந்தாலும் பள்ளியை நிறுத்தக் கூடாது. அந்த ஒன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டுமாம். சட்டம் தெரிந்தவர்.

வீ.கா.: "பனியில போறீங்க, காதுல துணியச் சுத்திக்குங்க."

சுத்திக்கொள்ளலாம்.

மாசி 5, திங்கள். பல்லடம்

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கோழிக்கூடை. கண்டக்டர் கோழிக்காரரிடம் காட்டிய மரியாதை என்னிடம் இல்லை.

பள்ளிக்கூடம் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. முன்பாதியில் பாய் விரித்துப் பிள்ளைகள். பின்பாதியில் இன்னும் ஜின்னிங்காரர் பொதி, கூரைவரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஜின்னிங் செட். மிசின் நின்றால் காதில் ஒன்றுமே விழாது. பஞ்சு சத்தத்தைக் குடித்துவிடுகிறது. பேசினால் நம் குரல் ஒரு முழம் போய் விழுந்துவிடுகிறது. பிள்ளைகள் தலையெல்லாம் பஞ்சுத் தூசி. ஆறு வயசு, ஏழு வயசு, எல்லாம் நரைத்த தலை. வாசலில் நின்று பார்த்தபோது சின்னச் சின்னக் கிழவர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எனக்கு முதுகில் என்னமோ ஊர்ந்தது. தூசியாக இருக்கும்.

ஆமாம், பிள்ளைகள். வருவதே இல்லை என்று சொல்லப்பட்ட பிள்ளைகள். பாய் நிறைய.

டீச்சர் சொர்ணம். முப்பது வயசிருக்கும், கோயமுத்தூர்தான். மெல்லிய குரல். இரும்பு மாதிரி நேர்மை.

"பிள்ளைக வந்திருக்குதே அம்மணி. பின்னே ஏன் சுழி?"

"உள்ளேன்னு சொல்றதில்லைங்க. சொல்லாம எப்படிங்க கோடு போடறது? ரூலு."

ரூலைப் பற்றி எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே மறந்துவிடும். டிரஸ்டின் இன்னொரு பள்ளியில், ஒரு வாத்தியார் பார்வையிடும் நாளுக்குப் பொரியுருண்டை கொடுத்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார். அதிலிருந்து செக்ரெட்டரி ரூல்: பேரை ஒரே ஒரு முறை தெளிவாக அழைக்க வேண்டும். பதில் வந்தால் கோடு. வராவிட்டால் சுழி. வாடகைப் பிள்ளைக்குப் பேர் தெரியாதல்லவா.

"செக்ரெட்டரிக்கு எழுதலையா?"

"மூணு கடுதாசி போட்டேனுங்க. மூணாவதுக்கு உங்களை அனுப்பியிருக்காங்க."

பதிவைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சுழி. வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கிற மாதிரி. இருபத்து மூன்றாம் வரியில் மட்டும் கோடு. தினமும். பொன்னாத்தா.

எனக்காக ஒரு முறை கூப்பிட்டுக் காட்டினாள். நோட்டைத் திறந்த உடனே பிள்ளைகள் முதுகு நிமிர்ந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. பேருக்குப் பேர் மௌனம். சிரிப்பில்லை, குறும்பில்லை, பெரியவர்கள் துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி. இருபத்திரண்டு பேர் இப்படிப் போச்சு.

"பொன்னாத்தா."

"இருக்கேனுங்க."

பொதிக்குப் பின்னால் இருந்து. சின்னக் குரல்.

பிள்ளைகள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அங்கே ஏன் உக்காந்திருக்குது?"

டீச்சர் நோட்டை மூடினாள். "பதிவுல முப்பத்திரண்டு பேருங்க. தினமும் தலை எண்ணறேன். முப்பத்தொண்ணுதானுங்க வருது."

"பொதிக்குப் பின்னாடி போய்ப் பாத்தீங்களா?"

"பதில் வருதுங்களே," என்றாள். பார்க்கவில்லை என்று அர்த்தம். நானும் பார்க்கவில்லை. மிசின் ஓடத் தொடங்கியது, காரியம் முடிந்தது என்று வந்துவிட்டேன்.

சத்திரத்தில் மூட்டைப்பூச்சி. கச்சாயம் ஆறு தின்றேன்.

மாசி 6, செவ்வாய்

காற்று. புழுதி. ராவுத்தர் கடையில் புதுப் பொடி வாங்கினேன். காரம் அதிகம். அதுவே ஆராய்ச்சிக்கு உதவிற்று. ஊரில் உள்ள பண்டிதர்கள் யாருக்கும் இது நடந்திருக்காது.

காலையில் நானே பேர் கூப்பிட்டேன். முதல் பேர், "நாச்சிமுத்து". தும்மல். மௌனமா, என் தும்மலில் பதில் போய்விட்டதா தெரியவில்லை. மறுபடி "நாச்சிமுத்து". மறுபடி தும்மல், இது பெரிசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதாக "நாச்சி" என்பதற்குள்,

"இருக்கேனுங்க."

முன்வரிசையில் ஒரு பையன். எழுந்து நிற்கிறான். கை கட்டியிருக்கிறான்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் என் மூக்கைப் பார்த்தேன். அடுத்த பேரைத் தும்மாமல் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவதில் பதில். அடுத்தது. அடுத்தது. அத்தனை பேரும், மூன்றாவதில், டாண் என்று. டீச்சர் கண்ணில் தண்ணீர். பொடி அவளுக்கும் ஏறியிருக்கலாம்.

இருபத்து மூன்றாவது பேரை மட்டும் ஒருமுறைதான் கூப்பிட்டேன். இரண்டாவதுக்கு வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

மத்தியானம் வேப்பமரத்தடியில் மயிலாத்தா என்கிற வாயாடியைப் பிடித்தேன். ஒன்பது வயசு. புளியங்கொட்டை மெல்லுகிறாள். கச்சாயம் இரண்டு செலவு.

"ஏங் கண்ணு, மொதல்ல கூப்பிட்டா ஏன் பேசறதில்லை?"

"ஒருக்கா கூப்பிட்டா அது ஆளில்லீங்க."

"பின்னே?"

"அது வேறைங்க." மென்றாள். "ரெண்டு தடவைன்னாக் கங்காணிங்க. நோட்டு வச்சிருப்பான். அவனுக்கு அவசரம், மூணாவது கூப்பிடமாட்டான், அடுத்த பேருக்குப் போயிருவான்."

"மூணு தடவை கூப்பிட்டா?"

"நாம ஓணும்னு கூப்பிடறவங்க."

விசாரித்ததில்: இவர்கள் எல்லாம் தாராபுரத்துக்குத் தெற்கே, கிணறு வற்றிப்போன ஒரே ஊர். ஜின்னிங் வேலைக்கு வந்து, கூலி ஆட்களுக்குக் கட்டிய லயத்தில் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்த ஊருக்கு மலைத் தோட்டத்துக் கங்காணி வந்தான். நோட்டை விரித்துப் பேர் கூப்பிட்டான். இருக்கேன் என்றவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஏறினவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் அங்கேயே. அதிலிருந்து தாய்மார் சொல்லி வளர்க்கிறார்கள்: நோட்டு வைத்துக் கூப்பிட்டால் வாயைத் திறக்காதே.

நாமும் நோட்டைத்தான் விரித்தோம்.

"பொன்னாத்தான்னு பொதிக்குப் பின்னாடி உக்காருதே, அது மட்டும் ஏன் மொதல்லயே சொல்லுது?"

மயிலாத்தா மெல்லுவதை நிறுத்தினாள். "அவ அன்னிக்கும் மொதல்லயே சொல்லிப்போட்டாளுங்க," என்றாள். "கங்காணிக்கு." மீதிக் கச்சாயத்தைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செக்ரெட்டரிக்குக் கடிதம், பஸ் டிரைவர் மூலம்: மூன்று முறை கூப்பிட்டால் முப்பத்தொரு பேர் பதில் சொல்கிறார்கள், ரூலைக் கொஞ்சம் இளக்க வேண்டும்.

கச்சாயத்தை நான் தின்னவில்லை.

மாசி 7, புதன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

பதில் வந்தது, அதே டிரைவர். "மூன்று முறை கத்தினால் வாடகைப் பிள்ளைக்கும் பேர் மனப்பாடம் ஆகிவிடும். ரூல் ரூல்தான். வெள்ளி காலை நானே ஒரு முறை அழைப்பேன். அந்த ஒரு பிள்ளையையும் பார்ப்பேன். அது பொய்யானால் அன்றே பூட்டு."

டீச்சரிடம் காட்டினேன். படித்து மடித்துக் கொடுத்தாள்.

"பூட்டினா எல்லாம் அடுத்த செட்டுல பருத்திக்கொட்டை பொறுக்கப் போயிருமுங்க," என்றாள். "மயிலாத்தா இப்பத்தான் ரெண்டாம் புஸ்தகம்."

பொன்னாத்தாவின் அம்மா குப்பாத்தா, அடுத்த செட்டில் பஞ்சு அடைக்கிறவள். டீச்சர் பதிவு எழுத லயத்துக்குப் போன நாளில் மகள் பேரையும் சொல்லியிருக்கிறாள். எங்கே மகள் என்று டீச்சர் கேட்டதற்கு, "வாரேன்னுட்டுத்தானுங்க போனா" என்றாளாம். சரி, ஊருக்குப் போயிருக்கிறது, வரும் என்று டீச்சர் எழுதிக்கொண்டாள். நம் ஊரில் யார்தான் போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் நேற்று வீட்டில் வாரேன் என்றுதான் கிளம்பினேன். இல்லை, நேற்றில்லை, திங்கள். நாள் குழம்புகிறது.

பொதிக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடிவு. இன்றைக்கு வேண்டாம். வயிறு சரியில்லை.

மாசி 8, வியாழன்

வயிறு சரியாகிவிட்டது. (மற்றது சொல்ல வேண்டியதில்லை.)

டீச்சர் பேர் கூப்பிடத் தொடங்குவதற்கு முன்பே நான் பொதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். என் தொப்பைக்கு அந்தச் சந்து போதவில்லை, பாதி உடம்பு வெளியே. பஞ்சு வாசனை, எலி வாசனை. காது அடைத்த மாதிரி. என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை, இருக்கிறேனா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

"பொன்னாத்தா."

"இருக்கேனுங்க."

என் முழங்கால் உயரத்தில். குனிந்தேன். சுவரில் ஒரு பொத்து. பொத்தில் ஒரு கண்.

பெரிய மனுஷியின் கண்.

எனக்கு வந்த நிம்மதியில் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சுற்றிப் போனேன். குப்பாத்தா சுவரோரம் குந்தியிருந்தாள். நாற்பது வயசு, தலையெல்லாம் பஞ்சு. ஓடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நானுதானுங்க. பேர எடுத்துப்போடாதீங்க சாமி."

"அது பொய்யில்லையா?"

"மொத நாளு தன்னால வாயி சொல்லிப்போட்டுதுங்க. டீச்சரம்மா கூப்பிட்டது காதுல உளுந்துது. எத்தன நாளாச்சு அவ பேர ஒருத்தரு வாய் விட்டுக் கூப்பிட்டு. சொல்லாம இருக்க முடியலீங்க."

"நாளைக்குச் செக்ரெட்டரி வாராரு. நீ சொல்லி அவர் கண்டுபிடிச்சா அத்தனை பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் போயிரும்."

"நாளைக்குச் சொல்லலீங்க."

"என்கூட வெளியே நில்லு."

"நிக்கறனுங்க." பிறகு அவளே: "தெனமும் சொன்னதில்லீங்க. தை மாசம் காச்சல்ல நாலு நாளு லயத்த உட்டே நகரலீங்க. அந்த நாலு நாளும் பேரு போயிருக்கும்னு மனசு அடிச்சுக்குச்சு."

திரும்பிவந்து பதிவைப் புரட்டினேன். தை மாசம். நாலு சுழி இருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. இருபத்து மூன்றாம் வரி நேராகக் கோடு கோடாக ஓடுகிறது.

டீச்சர் கை பழக்கத்தில் போட்டிருப்பாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவாள்.

மாசி 9, வெள்ளி

எழுதிவிடுகிறேன், பிறகு முடியாது.

காலை வெயில். செக்ரெட்டரி காரில். தொப்பி புதுசு (என் இரண்டு பத்தியின் புண்ணியம்). கையில் பூட்டு, காகிதத்தில் சுற்றி. ஜின்னிங் மிசினை நிறுத்தச் சொன்னார், தெளிவாகக் கேட்க வேண்டுமாம். அதோடு எல்லாச் சத்தமும் நின்றது. காக்காய்கூட இல்லை.

நான் குப்பாத்தாவை வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளி நிறுத்தி, என் குடையை அவள் கையில் கொடுத்து, நானும் அதற்குள் நின்றேன். வெயிலுக்கு. அவள் ஓடிப்போகாமலிருக்கவும். டீச்சர் வாசல்படியில். கையில் சாக்பீஸ், அதை ஒடித்து ஒடித்துப் பொடி பண்ணிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அவர் குரல். "நாச்சிமுத்து." மௌனம். பேனா ஒரு சுற்றுச் சுற்றியது, சுழி. "மயிலாத்தா." மௌனம். அந்த வாயாடி. இரண்டாவது முறை கூப்பிட மாட்டாரா என்று அது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது வாசல் வழியாகத் தெரிந்தது. அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

இருபத்திரண்டு சுழி.

"பொன்னாத்தா."

நான் குப்பாத்தாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடியிருந்தது. சத்தியமாக மூடியிருந்தது, பல்லை இறுக்கித் தாடை துடித்தது.

"இருக்கேனுங்க."

உள்ளே. பொதிப் பக்கம். தெளிவாக, மிசின் இல்லாததால் இன்னும் தெளிவாக. பெரியவள் சின்னக் குரலில் பேசுகிற குரல் இல்லை. வேறு.

குப்பாத்தா குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

செக்ரெட்டரி நாற்காலியைத் தள்ளும் சத்தம். பொதிக்குப் பின்னால் போகிறார். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது குப்பாத்தா உதட்டோடு, எனக்கே அரைகுறையாகக் கேட்கிற மாதிரி, "பொன்னாத்தா" என்றாள்.

"இருக்கேனுங்க."

இந்தத் தடவை உள்ளே இருந்து இல்லை. பக்கத்தில். குடைக்குள் மூன்றாவது ஆள் நின்றால் எங்கே நிற்குமோ அங்கே. என் வேட்டியோரம்.

நான் ஒரு மடையன். வாய் தானாகச் சொல்லிற்று: "மூணாவது தடவை கூப்பிடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்க. மூணாவதுக்கும் சொன்னாத்தானுங்க அவ ஆளு. சொல்லலீன்னா நானு என்ன பண்றது."

கூப்பிடவில்லை. அப்படியே நின்றாள். நானும் நின்றேன், காலை நகர்த்தினால் யாரையாவது மிதித்துவிடுவேனோ என்று.

செக்ரெட்டரி பொதிக்குப் பின்னாலிருந்து வந்தார். தொப்பி கையில். தலையெல்லாம் பஞ்சு, நரைத்த கிழவர். யாரையும் பார்க்கவில்லை. மேசைக்குப் போய் இருபத்து மூன்றாம் வரியில் கோடு போட்டார். மை சிந்திவிட்டது, அவ்வளவு பெரிய கோடு. டீச்சரிடம்:

"ஒரு பிள்ளை இருக்கிறது."

"ஆமாங்க."

"ஒரு பிள்ளை இருந்தால் நிறுத்தக் கூடாது. பத்திரத்தில் இருக்கிறது." பேனாவை மூடிவிட்டு, "ரூலில் ஒரு திருத்தம். இனிமேல் மூன்று முறை கூப்பிடலாம்."

காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.  சிங்காநல்லூர் தாண்டியதும், "என் கையைப் பிடித்தது," என்றார்.   பூட்டு காகிதத்தோடு சீட்டில் கிடந்து உருண்டுகொண்டே வந்தது.

மாசி 11, ஞாயிறு. கோயமுத்தூர்

தலைவலி. வீ.கா. மிளகுரசம்.

ஆராய்ச்சி அறிக்கை எழுதி முடித்தேன். பாரத்தில் கடைசிக் கேள்வி: பிள்ளைகள் பதில் கூறாமைக்குக் காரணம் யாது? இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். "நோட்டை விரித்தவர்கள் இதுவரை மூன்றாவது முறை கூப்பிட்டதில்லை" என்று எழுதினேன். வழக்கமாக ஒரு கிண்டலாவது வைப்பேன். வரவில்லை.

பத்திரிகைக்காரர் வந்து மூன்றாவது பத்தி கேட்டார். தொப்பியைப் பற்றி இனி எழுதுவதற்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். எவ்வளவு வாங்கினாய் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மாசி 15, வியாழன்

மேகம். மாசியில் மழையா.

சொர்ணம் டீச்சரிடமிருந்து கார்டு. அப்படியே ஒட்டிவைக்கிறேன், முக்கியமான இடம் மட்டும் இங்கே:

"முப்பத்தொரு பேரும் மூன்றாவது அழைப்பில் உள்ளேன் சொல்லுகிறார்கள். மயிலாத்தா சத்தம் லயம் வரைக்கும் கேட்கிறது. குப்பாத்தா தினமும் பேர் கூப்பிடும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள். தங்கள் குடையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள், திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் பாயில் இருபத்து மூன்றாவது இடத்தை விட்டு உட்காருகிறார்கள், நான் சொல்லவில்லை. அந்தப் பேரை மட்டும் ரூலுக்கு விரோதமாக ஒரே முறைதான் அழைக்கிறேன். தாங்கள் செக்ரெட்டரிக்குத் தெரிவிக்க வேண்டாம்."

தெரிவிக்கவில்லை.

தூறல் விழுகிறது. அடுக்களையிலிருந்து வீ.கா.: "ஏனுங்க, கொடை எங்கீங்க?"

ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.